குறுக்கமும் கெடுதலும்

விழா மலரில் எழுதப் புகுவோர் கல்லூரியின் தோற்றத்தையும், அதனை வளர்த்த பெரியோரின் தொண்டினையும், அந்நாள் ஆசிரியர்களின் கண்டிப்பையும் கனிவையும் பொருளாகக் கொள்ளுதல் மரபு. அம்மரபினை யாம் அறியாதவரல்லேம். எனினும் மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது, மலைநாட்டிலே பணிபுரிந்து யாம் கண்டு கற்ற ஒன்றனை எழுதுக என்பதாம். ஊவா மாகாணத்து லுணுகலையிலே தமிழாசிரியராய் இருக்கும் இவ்வாண்டுகளிற் கற்றவற்றுள், எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது ஒரு சாணளவும் இல்லாத இரும்புக் குழாய்த் துண்டொன்றை அறுத்தெடுத்தபோது கற்றதேயாகும். பொருள் சிறிதென்று இகழாது, பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் ஆசிரிய நண்பரும் பொறுமையுடன் படிப்பாராக.

துவிச்சக்கரவண்டியின் அருமையை நம் கல்லூரியாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்ட காலத்திலே யாம் சிறுவர். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, வானொலிக்கு மின்கலமும் இல்லை. வைத்தியரும் சைக்கிளில் வந்தார். நோயாளியும் சைக்கிளிலேயே போனார். விறகும், நெல்லும், மணப்பெண்ணும் அதன் கரியரிலேயே ஏறிச் சென்றமையைக் கண்டோம். வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தால் வானொலிச் செய்தி கேட்ட இரவுகளை எம் வயதினர் மறவார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, குடும்பத்தின் உடைமை முழுவதையும் சுமந்து, ஏறிச் செலுத்த இடமின்றித் தள்ளப்பட்டுச் சென்றதும் அவ்வண்டியே.

அக்காலத்துச் சிறுவர்க்கெனத் தனி வண்டி வாங்கிக் கொடுத்தவர் சிலரே. தந்தையாரின் பெரிய வண்டியிலே, பாரின் கீழாக ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து ஓடிப் பழகியவரே பலர். வண்டி எம் அளவுக்கு வரவில்லை. யாமே வண்டியின் அளவுக்கு வளைந்தோம். விழுந்தால் வெண்மணலோ செம்மண்ணோ ஏற்றுக்கொள்ளும்; நிலமோ சமநிலம். ஆகவே அளவு பொருந்தாமை அங்கே பெருங்குற்றமாகத் தோன்றவில்லை.

லுணுகலை அத்தகைய நிலமன்று. பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, பசறைக்கும் பிபிலைக்கும் இடையே அமைந்தது இச்சிறு பட்டினம். ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்து கிடப்பன. ஒரு புறம் மலைச்சுவர், மறு புறம் பள்ளம், இடையிலே வளைந்து வளைந்து ஓடுவது வீதி. தோட்டத்துப் பிரிவுகளிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் பாதைகளோ கல்லும் குழியும் நிறைந்தவை. 2021 மார்ச் 20ஆம் நாள் லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற பேருந்தொன்று பசறைக்கு அண்மையிலே பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட துயரம் இவ்வூரார் நெஞ்சில் இன்றும் ஆறாத புண். இத்தகைய இடத்திலே சைக்கிள் வைத்திருப்போர் மிகச் சிலர் என்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் நடந்து வருவர், பேருந்தில் வருவர், சில பெற்றோர் ஒன்றுகூடி ஒரு முச்சக்கரவண்டியை மாத வாடகைக்கு அமர்த்துவர்.

2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது இவ்வேற்பாடு குலைந்தது. பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிகள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுதல் எங்ஙனம்? கொழும்பிலே சைக்கிள்களின் விலை பன்மடங்கு ஏறிற்று; ஆண்டுக்கணக்கிற் கொட்டிலிற் கிடந்தவையெல்லாம் தூசு தட்டப்பட்டன. எம் இளமைக் காலம் நாடு முழுவதற்கும் திரும்பி வந்தது போலும் என்று எண்ணினோம்.

எம் மாணவியொருத்தி, பதினான்கு வயதினள், பாடசாலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள தோட்டப் பிரிவொன்றில் அம்மாயியுடன் லயத்தில் வாழ்பவள். முச்சக்கரவண்டி நின்றபின் கிழமையில் இரண்டு நாளே வகுப்பிற் காணப்பட்டாள். கணிதத்தில் முதல்வரிசை மாணவி; அவள் வரவு குறைதல் எமக்கு வருத்தமாயிற்று. அந்நிலையிலே கொழும்பிற் கடையொன்றிற் பணிபுரியும் அவள் மாமனார், பழைய கியர் சைக்கிளொன்றை வாங்கிச் சாமான் லொறியில் ஏற்றி அனுப்பினார். அன்பினால் அனுப்பினார், ஆனால் மருமகளின் உயரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கண்டவரல்லர். வண்டி வந்தது, ஆசனமோ அவள் இடுப்புக்கு மேல் நின்றது.

ஆசனத்தைத் தாழ்த்தினாற் போதாதோ என்பீர். பழைய றலி, ஹம்பர் வண்டிகளாயின் போதும். அவற்றின் சட்டகத்திலே, ஆசனத்தின் கீழுள்ள குழாய் தடையின்றி நேரே பெடலின் அச்சுவரை இறங்கும். ஆசனத்தைத் தாங்கி அக்குழாயினுள்ளே செருகப்படும் தண்டு, நட்டைத் தளர்த்தினால் வேண்டிய மட்டும் உள்ளே செல்லும். இவ்வண்டியோ பின்சக்கரத்துக்குச் சுருள்வில் பூட்டிய புதுவகை. சுருள்வில்லுக்கும் அதன் மூட்டுக்கும் இடம் விடுதற்காகச் சட்டகத்துக் குழாய் பாதியிலேயே முடிந்துவிடுகின்றது. 35 சென்ரிமீற்றர் நீளமுள்ள தண்டு 20 சென்ரிமீற்றர் உள்ளே சென்றதும் அடியில் முட்டிற்று. எஞ்சிய 15 சென்ரிமீற்றர் வெளியே நின்றது, அதனினும் தாழாது. தண்டினை அறுத்துக் குறுக்குதலே வழி. எவ்வளவு குறுக்குவது என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

பட்டினத்திலே சைக்கிள் திருத்தும் நண்பர் முதல்வர். அவர் கையில் இரும்பறுக்கும் வாள் ஆயத்தமாக இருந்தது. "நாலு இஞ்சி எடுத்துருவோம் சேர். ஆசனமும் எறங்கும், பாரமும் கொறையும். மேட்டுல தள்ளுற புள்ளைக்கு அதுவும் ஒரு லேசுதானே" என்றார். நான்கு அங்குலமாவது பத்துச் சென்ரிமீற்றர்.

இரண்டாவது, நூலறிவு. பெடல் மிகக் கீழே நிற்கும்போது அதிலிருந்து ஆசனத்தின் மேற்புறம் வரையுள்ள தூரம், ஓடுபவரின் உட்கால் நீளத்தில் 109 சதவீதமாக இருத்தல் வலுவுடன் மிதித்தற்கு ஏற்றது என்று, ஹாம்லி, தோமஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் 1967இல் வெளியிட்டனர். சைக்கிளோட்டப் பயிற்சியாளர் இன்றும் எடுத்துக்காட்டும் கணக்கு அது. மாணவியின் உட்கால் நீளம் 66 சென்ரிமீற்றர். ஆகவே ஆசனம் பெடலிலிருந்து 72 சென்ரிமீற்றர் நிற்றல் வேண்டும். வண்டியில் இருந்ததோ 74. நூலின்படி இரண்டு சென்ரிமீற்றர் அறுத்தாற் போதும்.

மூன்றாமவர் அம்மாயி. முப்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். தோட்டப் பாடசாலையிலே மூன்றாம் வகுப்போடு நின்றவர். பெண்பிள்ளை சைக்கிளில் ஏறுதல் அவருக்கு முதலிற் சம்மதமாயில்லை. அவர் முன்னோர் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தோர். அப்புதுக்கோட்டை மாவட்டத்திலேயே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியராய் இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தாற் பல்லாயிரம் கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பயின்றனர் என்பதையும், பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆண்களின் வண்டியையே ஓட்டினர் என்பதையும் யாம் எடுத்துரைத்தோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏறுறதுக்கு நீங்க சொல்லிக் குடுப்பீங்க சேர். வளைவுல எதிர்த்தாப்புல லொறி வந்தா எறங்குறதுக்குக் கால் எட்டணுமே?" என்றார்.

அவ்வொரு கேள்வியினால் அளவின் பொருளே எமக்கு மாறிற்று. ஆய்வாளர் கணித்தது மிதிக்கும் காலின் அளவு. அம்மாயி கேட்டது நிற்கும் காலின் அளவு. சமநிலத்திலே நெடுந்தூரம் ஓடுவார்க்கு முன்னையதே தக்கது. பழகாத பிள்ளை, வளைவும் பள்ளமும் உள்ள வீதியிலே, சட்டென்று நிறுத்திக் கால் ஊன்றவேண்டுமாயின் பின்னையதே உயிரைக் காப்பது. மாணவியை வண்டிக்கு அருகே நிறுத்தி, நுனிக்கால் நிலத்திற் படியும் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தோம். பெடலிலிருந்து ஆசனம் 66 சென்ரிமீற்றரே இருத்தல் வேண்டும் என்று கண்டோம். அதற்கு 8 சென்ரிமீற்றர் அறுத்தல் வேண்டும்.

இனி, எட்டு அறுப்பவர் பத்து அறுத்தாலென்ன? பாரம் குறையுமே என்ற நண்பரின் வாதத்தை ஆராய்வாம். வண்டியின் பாரத்தைக் குறைத்தல் வீண் வேலையென்று யாம் கூறமாட்டோம். பெல்ஜிய நாட்டு வீரர் எடி மேர்க்ஸ் 1972 ஒக்ரோபர் 25ஆம் நாள் மெக்சிக்கோ நகரிலே ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை நிலைநாட்டினார். அவருக்காக எர்னெஸ்ற்றோ கொல்நாகோ அமைத்த வண்டி ஆறு கிலோகிராமுக்கும் குறைந்தது. கைபிடியிலும் சங்கிலிக் கண்ணிகளிலும்கூடத் துளையிட்டுப் பாரம் குறைத்தனர். இப்போக்கு எல்லை கடத்தலாகாதென்று சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2000ஆம் ஆண்டு முதற் போட்டி வண்டிகள் 6.8 கிலோகிராமிற் குறைதல் கூடாதென விதித்தது. கிராம் கிராமாகக் குறைப்பதற்கும் உலகில் இடமுண்டு. மெல்லிய மயிலிறகும் மிகுந்தேறினால் வண்டியின் அச்சை ஒடிக்கும் என்னும் கருத்தை வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமையையும் ஒரு தமிழாசிரியன் மறத்தல் இயலாது.

ஆயினும் இவ்விடத்துக் கணக்கு வேறு. அத்தகைய எஃகுத் தண்டு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழப் பத்துக் கிராம் நிறையுடையது. எட்டுச் சென்ரிமீற்றர் துண்டு 80 கிராம். அஃது 80 பக்கப் பயிற்சிக் கொப்பி ஒன்றின் பாரம். வண்டி 17 கிலோகிராம், பிள்ளை 45, புத்தகப் பையும் தண்ணீர்ப் போத்தலும் 5. ஆக 67 கிலோகிராமில் 80 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். நண்பர் மிகையாகக் கேட்ட இரண்டு சென்ரிமீற்றரின் இலாபமோ 20 கிராம். போத்தல் நீரில் இரண்டு மிடற்றளவு கீழே ஊற்றிவிட்டு ஏறினால் அதனினும் மிகுந்த பாரம் வண்டியை விட்டு நீங்கும். இக்கணக்கை யாம் கூறியபோது அம்மாயி சிரித்தார். "கூடையில அரைக் கிலோ ஏறுனா எறங்குனா முதுகுக்குத் தெரியும். இந்தத் துண்டு எந்த மூலைக்கு?" என்றார். பாரத்தைப் பற்றி முப்பது ஆண்டு முதுகினாற் கற்றவரின் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பில்லை.

இலாபம் சிறிதாயினும் நட்டம் இல்லையே என்பாரும் உளர். நட்டம் உண்டு, அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. ஆசனத் தண்டு முழுவதையும் வெளியே இழுத்து உயர்த்தல் ஆகாது. குறைந்தது இவ்வளவு சட்டகத்தின் உள்ளே நிற்றல் வேண்டும் என்று செய்தவர் அதிலே ஒரு கோடு பொறித்திருப்பர். இத்தண்டில் அக்கோடு அடிநுனியிலிருந்து 10 சென்ரிமீற்றரில் இருந்தது. உள்ளே நிற்கும் பகுதி குறைந்தால், ஏறியிருப்பவரின் பாரம் நெம்புகோல்போலத் தொழிற்பட்டுச் சட்டகத்துக் குழாயின் வாயை வருத்தும். நாளடைவில் குழாய் வெடிக்கும், அன்றித் தண்டு வளையும். இறக்கத்திலே அது நிகழ்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியே தெரியும் தண்டு ஆசனத்தைத் தாங்குகின்றதென்று நினைக்கின்றோம். மெய்யாகத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாது உள்ளே நிற்கும் பகுதியே.

இனி, பிள்ளை வளர்வாள். பயமும் தெளிவாள். இன்று நுனிக்கால் நிலத்தில் ஊன்ற வேண்டுபவள், அடுத்த ஆண்டு வீதியைப் பழகியபின் ஆசனத்தை உயர்த்தி வலுவுடன் மிதிக்க விரும்புவாள். எட்டு அறுத்தால் தண்டின் நீளம் 27. பத்து உள்ளே நிற்க, 17 வரை வெளியே இழுக்கலாம். அப்போது ஆசனம் பெடலிலிருந்து 76 சென்ரிமீற்றர் உயரும். 109 சதவீதக் கணக்கின்படி உட்கால் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றராக வளரும் வரை அவ்வண்டி அவளுக்குப் பொருந்தும். பத்து அறுத்தாலோ தண்டு 25, வெளியே 15 வரையே இழுக்கலாம், உயரம் 74, உட்கால் 68 ஆனதும் வண்டி சிறிதாகிவிடும். இன்றைய தேவைக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டினும் ஆசனம் 66இல் நிற்கும். வேறுபாடு முழுவதும் நாளைக்கே. மிகையாக அறுக்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் அவள் வளர்ச்சியிலிருந்து அறுக்கப்படுவதாம். இருபது கிராமுக்காக ஒரு பிள்ளையின் ஓராண்டு வளர்ச்சியை விற்றல் தகுமோ? நண்பர் நல்லவர், கணக்கைக் கேட்டதும் வாளைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எட்டுத்தான் சேர்" என்றார்.

அறுத்த முறையையும், பயன்படுவார் இருப்பாராயின் அவர் பொருட்டு, சுருக்கமாகக் கூறுவாம். தண்டின் மேல்நுனி ஆசனத்தைப் பற்றுதற்கு ஒடுங்கியிருக்குமாதலின் அப்பக்கம் தொடலாகாது. அடிநுனியிலேயே அறுத்தல் வேண்டும். முதலில் நீளத்தை இருமுறை அளந்தோம். நேர்விளிம்புள்ள கடதாசிப் பட்டியொன்றைத் தண்டைச் சுற்றி ஒட்டினோம். அதன் ஓரமே வாளுக்கு வழிகாட்டி. தண்டினைப் பழந்துணி சுற்றி இடுக்கியில் இறுக்கி, நண்பர் அவசரமின்றி அறுத்தார். வெட்டுவாயின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் அரத்தினால் மழுக்கினோம்; அன்றேற் கூர்விளிம்பு சட்டகத்துக் குழாயை உள்ளே கீறும். துரு ஏறித் தண்டும் குழாயும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாதபடி மெல்லக் கிறீஸ் பூசிச் செருகினோம்.

ஒரு காரியம் எஞ்சியிருந்தது. தொழிற்சாலையிற் பொறித்த பழைய கோடு தண்டிலே அப்படியே இருந்தது. ஆனால் அடியில் எட்டுச் சென்ரிமீற்றர் போய்விட்டமையால், அது புதிய அடிநுனியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றரிலேயே நின்றது. அதனை நம்பி ஆசனத்தை உயர்த்துவார் விழுதல் திண்ணம். பழைய கோட்டைக் கறுப்பு வர்ணத்தால் மறைத்து, புதிய அடிநுனியிலிருந்து பத்துச் சென்ரிமீற்றரிலே சிவப்புக் கோடு இட்டோம். வர்ணம் தேய்ந்துபோகும் என்பதனால், "வெளியே 17 சென்ரிமீற்றருக்கு மேல் தெரியலாகாது" என்று மாணவியின் கொப்பியிலும் எழுதுவித்தோம். "ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளவா, சேர்?" என்று கேட்டாள். சாண் வளரும், அடிமட்டம் வளராது என்றோம்.

அன்றிரவு ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணப் பாடக் குறிப்பு எழுத அமர்ந்தபோது, குறுக்கங்களைப் பற்றிய பகுதி எதிர்ப்பட்டது. இருபது ஆண்டாகக் கற்பித்த பாடம். அன்றுதான் கையாற் பிடித்ததுபோல விளங்கிற்று. தமிழ் எழுத்துக்கள் தாம் நிற்கும் இடம் நோக்கிக் குறுகுகின்றன. ஒரு மாத்திரை உகரம் சொல்லின் ஈற்றிலே வல்லெழுத்தை ஊர்ந்து வருகையில் அரை மாத்திரையாகின்றது. அரை மாத்திரை மகரம் போன்ம் என்னுமிடத்திற் கால் மாத்திரையாகின்றது. ஆயினும் குறுகிய எழுத்து எழுத்தாகவே நிற்கின்றது. இடத்துக்குப் பொருந்தும் பொருட்டு ஓசையிற் சிறிது விட்டுக்கொடுத்ததேயன்றித் தன்னை இழக்கவில்லை. அதே மகரம் மரவேர் என்னும் புணர்ச்சியிலே அறவே இல்லையாகின்றது. அதனைக் கெடுதல் என்றனர் இலக்கண நூலார். குறுகுதல் வேறு, கெடுதல் வேறு. எட்டுச் சென்ரிமீற்றர் அறுத்தது குறுக்கம். எண்ணாது அதற்குமேல் அறுத்திருப்பின் அது கெடுதலை நோக்கிய வழி.

இவ்வேறுபாடு சைக்கிளோடு நிற்பதாயின் யாம் இவ்வளவு விரித்திருக்கமாட்டோம். மலைநாட்டுப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றை நோக்குக. 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைகள் சட்டம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 10 வயது வரை தாய்மொழியிற் கல்வி அளித்தலைத் தோட்டத்துரையின் கடமையாக்கிற்று. ஒன்றும் இல்லாத இடத்திலே அஃது ஒரு தொடக்கமே. ஆனால் கொழுந்து பறிக்கவும் புல்லுவெட்டவும் இவ்வளவு போதுமென்று அளந்து வெட்டிய அளவும் அதுவே. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபின்னும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்டத்தார் கையிலேயே இருந்தன; 1970களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அம்மாயி மூன்றாம் வகுப்போடு நின்றது அவர் அறிவின் குறையன்று. அவருக்கென வெட்டி வைக்கப்பட்ட தண்டின் நீளம் அவ்வளவே. வெட்டியோர் அவர் அன்றிருந்த உயரத்தை நோக்கினர். வளரக்கூடிய உயரத்தை நோக்கிற்றிலர்.

அவ்வாள் இன்றும் முற்றாகக் கீழே வைக்கப்படவில்லை. "இந்தப் பிள்ளைகளுக்கு இலேசான பாடங்கள் போதும், கணிதமும் விஞ்ஞானமும் பாரம்" என்னும் சொல்லை ஆசிரியர் கூடும் இடங்களில் யாம் கேட்டதுண்டு. இரக்கத்தினாற் சொல்லப்படுவதாயினும் அது பாரக் குறைப்பு வாதமே. பாடத்தைப் பிள்ளையின் காலுக்கு எட்டும்படி தாழ்த்துதல் ஆசிரியனின் கடமை. மீண்டும் உயர்த்த முடியாதபடி அறுத்துவிடுதல் அவன் உரிமையன்று. முதற் பருவத்திலே எளிய உரைநடையில் தொடங்குக. செய்யுளையே பாடத்திலிருந்து நீக்காதொழிக. சிறிய எண்களாற் கணக்கைத் தொடங்குக. அட்சரகணிதத்தை அடுத்த பிறவிக்கு ஒத்திவையாதொழிக. அன்றன்றைய வகுப்புக்கு அளவு பார்த்துக் குறுக்குபவர் அனைவரும் இன்னொரு வினாவையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்: இப்பிள்ளை வளர்ந்தபின் இதனை உயர்த்த உள்ளே மீதி இருக்கின்றதா?

அம்மாணவி சைக்கிளில் முழுத் தூரமும் ஓடினாள் என்று கூறின் அது மிகைபடக் கூறலாகும். தோட்டத்து ஏற்றங்களில் தள்ளியே சென்றாள். செங்குத்தான இறக்கங்களிலும் இறங்கி நடந்தாள். பெருந்தெருவின் இடைப்பகுதியிலே ஓடினாள். ஒன்றேகால் மணித்தியாலப் பாதை முக்கால் மணித்தியாலமாயிற்று. மழைக்காலத்திலே, பிறேக் நனைந்து வழுக்குமாதலின், வண்டியை எடுக்கவேண்டாமென்று அம்மாயியே தடுத்துவிடுவார். ஆயினும் கிழமையில் இரண்டு நாள் வந்தவள் நான்கு நாள் வந்தாள். அடுத்த ஆண்டு ஆசனம் மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்தது. அதன் மறு ஆண்டு மேலும் இரண்டு. அடிமட்டத்துடன் அவளே அளந்து உயர்த்தினாள். சாதாரணதரப் பரீட்சையிலே கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்று உயர்தர வகுப்பிற் சேர்ந்தபோது, தண்டிலே இன்னும் ஐந்து சென்ரிமீற்றர் மீதி இருந்தது.

நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று பல நாடுகளிலே வாழ்கின்றனர். ஊர்ப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டி வழங்கும் நற்பணியைப் பலர் செய்து வருதலும் யாம் அறிவோம். அவர்க்கு எம் பணிவான வேண்டுகோள் ஒன்றுண்டு. வண்டியை வாங்குமுன் பிள்ளையை அளப்பீராக. எத்தனை வண்டிகள் என்று கேட்பதோடு எத்தனை அங்குலப் பிள்ளைகள் என்றும் கேட்பீராக. வண்டியோடு ஒரு பம்பும், ஒரு ஸ்பானரும், கூடுமாயின் நீளமான ஆசனத் தண்டொன்றும் சேர்த்தனுப்புவீராக. விலை சிறிது, பயன் பெரிது. இந்நாள் மாணவர்க்குக் கூறுவது, எதனையும் அறுக்குமுன் இருமுறை அளத்தல் வேண்டும் என்பதே. ஆசிரிய நண்பர்க்கோ யாம் கூறப் புகுவதில்லை. அவர் கையிலுள்ள வாளின் கூர்மையை அவரே நன்கறிவர்.

விழாக் காணும் நம் கல்லூரித் தாய், தன் பிள்ளைகள் அனைவர்க்கும் கால் எட்டும் ஆசனமும், வளர இடமும் என்றென்றும் வழங்கி நீடு வாழ்க.